மதினி வந்து தங்கிய வருஷங்கள்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கப்பலில் இருந்து கன்டெய்னரைத் தூக்கி, கீழே நிற்கும் லாரியின் மேல் சத்தமில்லாமல் இறக்கிவைப்பார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்த வேலை, சாயங்காலம் பேக்கரிக்குப் போய் ரொட்டி வாங்கி வருவது. ஒரு நாள் வாங்கி வந்து மேசையில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் சட்டையை மாட்டிக்கொண்டு, "ரொட்டி வாங்கிட்டு வாரேன்" என்று மறுபடி கிளம்பினார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். போனார், வந்தார், மறுபடியும் போனார். அன்று மேசை முழுக்க ரொட்டியாகக் கிடந்தது. பேக்கரிக்கார அண்ணாச்சி போன் செய்து, "வீட்டுல ஏதும் விசேஷமாம்மா?" என்று கேட்டபோதுதான் இது விளையாட்டில்லை என்று எனக்குப் புரிந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மறதி நோய், இனி கூடிக்கொண்டுதான் போகும் என்றார். என் கணவர் வெளியே போய் உட்கார்ந்த பிறகு டாக்டர் என்னிடம், "நீங்க உங்க உடம்பையும் பாத்துக்கிடணும்மா" என்றார். சரி சரி என்று தலையை ஆட்டினேன். அந்தப் பேச்சு எனக்கு அப்போது காதில் ஏறவே இல்லை.

மகள் பெங்களூரில் இருக்கிறாள். கூட்டிக்கொண்டு போய் வைத்துப் பார்த்தாள். பதினோராவது மாடி வீட்டில் அவர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். "ஷிப்ட்டுக்கு நேரமாச்சு, கேட்டைத் திறங்க" என்று லிப்டில் வருகிறவர்களிடமெல்லாம் கேட்டார். திரும்பத் தூத்துக்குடிக்கே வந்துவிட்டோம்.

அதன் பிறகு நானும் அவரும் மட்டும். முன்கதவைப் பூட்டி சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். குளிக்க வைப்பது, சாப்பிட வைப்பது, துணி மாற்றுவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் சொல்வது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போவது நின்றது. தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. யாராவது பார்க்க வந்தால், "நல்லா இருக்காங்க, ஒண்ணும் சிரமமில்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவேன். அவர் வேட்டியை நனைத்துக்கொண்டு நிற்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. தலைக்கு எண்ணெய் தேய்த்து எத்தனை நாளானது என்றே எனக்குத் தெரியாது.

ஒரு நாள் காலையில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நின்றவள் அப்படியே விழுந்துவிட்டேன். கண் விழித்தபோது பக்கத்து வீட்டம்மா என் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பால் கருகிய வாடை வீடெல்லாம் அடித்தது. அந்த வாடை பிடித்துத்தான் அவர் பின்பக்க வேலி தாண்டி வந்திருக்கிறார். என் பக்கத்தில் தரையில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். "இந்தம்மா தூங்குதாங்க. எழுப்பாதீங்க" என்று பக்கத்து வீட்டம்மாவிடம் சொன்னாராம்.

பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மகள் வந்து கொஞ்ச நாள் இருந்தாள். அவள் போன மறுநாள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. குடையும் பெட்டியும், ஒரு உறை போட்ட தலையணையும் கையில் வைத்துக்கொண்டு மதினி இறங்கினார்.

மதினி என் கணவரின் அக்கா. நாசரேத்தில் பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர்கள் புராட்டஸ்டன்ட் சபை, நான் தூத்துக்குடி கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். என் அப்பா சங்கு குளிக்கப் போனவர். நான் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்களுக்குப் பழக்கமாகி, இரண்டு வீட்டாரையும் மீறிக் கல்யாணம் நடந்தது. மதினி கல்யாணத்துக்கு வரவில்லை. மகள் பிறந்தபோது கேக்கும் ஒரு வேதப் புத்தகமும் யாரிடமோ கொடுத்துவிட்டார். அப்புறம் உறவுக்காரர் கல்யாணங்களில் பார்த்தால், "நல்லா இருக்கியா?" "இருக்கேன் மதினி." அவ்வளவுதான் பேச்சு. இத்தனை வருஷத்தில் என் வீட்டுப் படி ஏறியதில்லை.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏளா, நீ கண்ணாடியில உன் மூஞ்சியப் பாத்து எவ்வளவு நாளாச்சு?"

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"சீப்பை எடுத்துட்டு வா. மொதல்ல உனக்குத் தலை சீவணும். பெறவு அவனப் பாக்கலாம்" என்றார்.

அவர் வைத்த முதல் சட்டம் சாயங்காலச் சட்டம். ஐந்து மணிக்கு வீட்டை விட்டு ஒரு ஆள் வெளியே போய்விட வேண்டும். ஒரு நாள் நான், ஒரு நாள் மதினி. வெளியே போகிற ஆள் காய்கறி வாங்கக் கூடாது, மருந்து வாங்கக் கூடாது. வீட்டு வேலை எதுவும் அந்த நேரத்தில் செய்யக் கூடாது.

"எனக்கு எங்கயும் போவண்டாம் மதினி. அவங்க தேடுவாங்க."

"தேடட்டும். நான் அவன் அக்காதான், வேத்தாளு இல்ல. கெளம்பு. ஆறரைக்கு முந்தி வாசல்ல காலு வச்சேன்னா கதவத் தொறக்க மாட்டேன்."

நிஜமாகவே உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். தெருமுனை வரை போனேன். எங்கே போவதென்று தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் நின்று, வந்த பஸ்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்தால் என்ன சொல்வது என்று பயமாக இருந்தது. ஏதோ திருடிக்கொண்டு வந்த மாதிரி. கடைசியில் ஒரு பஸ்ஸில் ஏறி பீச் பக்கம் இறங்கினேன். மணலில் உட்கார்ந்தேன். தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் நின்றன. கொஞ்ச நேரம் கழித்து, வாயில் ஏதோ உப்பாக இருக்கிறதே என்று பார்த்தால் நான் அழுதுகொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்று தெரியாது. அப்புறம் மாங்காய்க் கீற்று வாங்கித் தின்றேன். வீட்டுக்கு வந்தபோது அவர் மதினி பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். நான் போனதும் அவருக்குத் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

மதினி தன் முறைக்கு எங்கே போகிறார் என்று முதலில் தெரியவில்லை. புடவை விளிம்பு நனைந்து, காலெல்லாம் மணலோடு வருவார். ஒரு நாள் கேட்டேன்.

"கடல்ல நிக்கேன்" என்றார். "நாசரேத்துல கடலா கெடக்கு? ஹாஸ்டல் பிள்ளைகள எக்ஸ்கர்ஷன் கூட்டிட்டு வருவேன். ஒருத்தியும் தண்ணியில எறங்கக் கூடாதுன்னு கம்பை வச்சுக்கிட்டு நிப்பேன். நானும் எறங்குனதில்ல." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு. சர்க்கரை வியாதி உள்ளவர், வரும்போது பேக்கரியில் மக்ரூன் வாங்கி வழியிலேயே தின்றுவிட்டு வருவதும் எனக்குத் தெரியும். முந்தானையில் தூள் ஒட்டியிருக்கும். நான் கண்டுகொள்ளவில்லை.

எங்களுக்குள் சண்டை இல்லாமல் இல்லை. என் மீன் குழம்பில் புளி அதிகம் என்பார். அவர் குழம்பில் தேங்காயே இருக்காது. அவர் கீர்த்தனை பாட ஆரம்பித்தால் நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பிறகு என் கணவர் அந்தப் பாட்டுகளுக்குச் சேர்ந்து பாடுவதைப் பார்த்தேன். என் பெயர் மறந்துபோன மனுஷனுக்கு, நாலு சரணமும் ஒரு சொல் பிசகாமல் வந்தது. அன்றிலிருந்து நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவரைக் குளிப்பாட்டுவதுதான் பெரும்பாடு. தண்ணீரைக் கண்டால் மிரளுவார். ஒரு நாள் மதினி சட்டையைக் கழற்றப் போனபோது ஓங்கி அறைந்துவிட்டார். மதினியின் கண்ணாடி தெறித்து விழுந்தது. நான் எப்படியோ சமாளித்து அவரைக் குளிக்க வைத்து உட்காரவைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மதினி கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். கன்னம் சிவந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"வேணும்னு அடிக்கல்ல மதினி. அவங்களுக்கு ஆள் தெரியல்ல."

"அடிச்சதுக்கு அழல்லளா." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "எங்க அம்ம சாவும்போது இவனுக்கு நடக்கத் தெரியாது. நாந்தான் குளிப்பாட்டுவேன், பவுடர் போடுவேன், இடுப்புல தூக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போவேன். குளிக்க அம்புட்டு ஆசைப்படுவான். கிணத்தடிய விட்டு வரமாட்டான்." கன்னத்தைத் தடவிக்கொண்டார். "அதான் அவன் உங்கிட்ட வந்தப்ப எனக்குப் பொறுக்க முடியல்ல. உன் மேல எனக்கு வேற ஒரு வெறுப்பும் கெடையாது."

நான் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்தேன். இடம் போதாமல் இருவரும் ஒட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருந்தது. என் அம்மா இறந்தபோதுகூட என்னோடு யாரும் அப்படி உட்கார்ந்திருக்கவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து மதினி கடைக்குப் போய் ஒரு ரப்பர் வளையம் வாங்கி வந்தார். ஹாஸ்டல் பிள்ளைகள் ரிங் பால் விளையாடுவார்களே, அது. "குளிக்கிறதுக்கு முன்னால இவனக் கொஞ்சம் வேர்க்க விடணும். வேர்த்தா அவனே தண்ணி கேப்பான்" என்றார். வாசலில் துணி காயப்போடும் கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவரை நிறுத்தி, இந்தப் பக்கம் இருந்து வளையத்தை வீசினார். அவர் கை தானாக உயர்ந்து பிடித்தது. எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. திருப்பி என்னைப் பார்த்து வீசினார். நான் தவறவிட்டேன். "ஏளா, பிடிக்கத் தெரியாதா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு, ஆபீஸ் வாசலில் எனக்காகக் காத்து நின்ற ஆளின் சிரிப்பு.

தினமும் காலையில் விளையாடினோம். மூன்று கிழடுகள் வாசலில் வளையம் எறிந்து விளையாடுவதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். முன்பு அவரை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கதவைப் பூட்டியவள், அப்போது வெளிவாசலைத் திறந்துபோட்டு விளையாடினேன். பக்கத்து வீட்டம்மா திண்பண்டம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாயிண்ட் சொல்வார். மதினி கள்ள ஆட்டம் ஆடுவார், கயிற்றுக்குக் கீழே விட்டு எறிந்துவிட்டு மேலேதான் போனது என்று சாதிப்பார். என் பிரஷர் இறங்கியது. அவரும் ஓரளவு அமைதியாகத் தூங்கினார். என் வயசான காலத்தில் சந்தோஷமாக இருந்தது எப்போது என்று கேட்டால், அந்த நோய் நாட்களைத்தான் சொல்வேன். இப்படிச் சொல்வதைக் கேட்டு மகள் அழுதாள்.

ஒரு வருஷம் மதினி ஊர்ச் சபையின் அசன விருந்துக்கு நாசரேத் போனார். சோறாக்கிப் போடும் அந்தப் பண்டிகைக்கு அவர் போகாமல் இருந்ததில்லை. ஒரு வாரத்தில் வருகிறேன் என்றவர் வரவில்லை. போன் செய்தால், "வீட்டுக்கு ஓடு மாத்துதேன், வேலை கெடக்கு" என்றார். அடுத்த முறை, "சளி பிடிச்சிருக்கு." குரல் மெலிந்துகொண்டே போனது. போவதற்கு முன்பே அவர் கண்ணில் மஞ்சள் தெரிந்தது எனக்கு நினைவு வந்தது. கேட்டபோது பப்பாளி தின்றதால் என்று சொல்லியிருந்தார். கடைசியில் அவருடைய சபைக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். மதினி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், கணையத்தில் புற்றுநோய், முற்றிப்போயிற்று, உங்களிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றாள்.

என் தம்பி மனைவியை அழைத்து என் கணவரிடம் இருக்கச் சொன்னேன். அதுவரை அவளிடம் நான் எந்த உதவியும் கேட்டதில்லை. "இத எப்பவோ கேட்டிருக்கலாம்லா மதினி?" என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள். நான் பஸ் ஏறினேன். ஆழ்வார்திருநகரி தாண்டும்போது வெளியே வயலெல்லாம் பச்சையாகக் கிடந்தது. எனக்கு அது ஏனோ எரிச்சலாக இருந்தது.

கட்டிலில் மதினி பாதியாகிக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, "நீ என்னத்துக்குளா வந்த? அவன யாரு பாக்கா?"

"என் தம்பி பொண்டாட்டி இருக்கா. மதினி, கெளம்புங்க. வீட்டுக்குப் போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

"நம்ம வீட்டுக்கு."

"ரெண்டு நோயாளிய வச்சுக்கிட்டு நீ சாவப் போறியா? நான் பாத்துக்கிடுததுக்குத்தான் அங்க வந்தேன். பாக்க வைக்கதுக்கு இல்ல."

"அது உங்க சட்டம். இது என் சட்டம்" என்றேன். எனக்கு அப்படிப் பேச வருமென்று எனக்கே தெரியாது. மதினி முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. டாக்டரும் செய்ய ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். வலி மாத்திரைகளோடு கூட்டிவந்துவிட்டேன்.

இந்த முறை நான் வாசலிலேயே நின்று ஒன்றும் சிரமமில்லை என்று சொல்லவில்லை. சிரமம்தான், வாருங்கள் என்றேன். தம்பி மனைவி காலையில் வந்தாள். பக்கத்து வீட்டம்மா மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். மகள் லீவு போட்டுக்கொண்டு வந்து அப்பாவுக்கு ஷேவ் செய்துவிட்டாள். சாயங்காலம் ஐந்து மணியானால் மதினி கட்டிலில் இருந்தபடியே கண்ணால் வாசலைக் காட்டுவார். போகாவிட்டால் மாத்திரையை வாங்க மாட்டார். போனேன். அவர் நின்ற இடத்தில் நானும் கடலில் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். மனசெல்லாம் வீட்டில்தான் இருந்தது. ஆனாலும் நின்றேன்.

என் கணவர் முக்கால்வாசி நேரம் அக்காவின் கட்டில் பக்கத்தில்தான் இருந்தார். அவருக்கு என்ன புரிந்தது என்று தெரியாது. ஆரஞ்சுச் சுளையை உரித்து, கொட்டை எடுத்து, அக்காவின் வாயில் வைப்பார். விழுங்க முடியாமல் மதினி அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பார். "தின்னுக்கா, இனிப்பா இருக்கு" என்பார். ஒரு நாள் முற்பகலில், நான் கால் பிடித்துக்கொண்டிருக்கும்போது, மதினியின் மூச்சு நின்றது. என் கணவர் அப்போதும் ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

நாசரேத்தில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். பாட்டு எடுத்தவுடன் கூட்டத்தில் எல்லாருக்கும் மேலே என் கணவரின் குரல் கேட்டது. பழகிய பாட்டு, தெளிவாகப் பாடினார். பெட்டியை இறக்கும்போது என் காதில், "யாருளா செத்துப்போனது?" என்றார். நான், "அக்கா" என்றேன். ஒரு கணம் அவர் முகம் அப்படியே உடைந்தது. குழந்தை அழுவது போலக் கையைத் தூக்கி அழுதார். வேனில் திரும்பும்போது, பாதி வழியில், ஜன்னல் பக்கம் இருந்து திரும்பிக் கேட்டார்.

"அக்கா வரல்லியா?"

அதன் பிறகு தினமும் கேட்டார். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்வது மதினிக்குச் செய்யும் துரோகம் என்று தோன்றியது. ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒவ்வொரு முறையும் அக்கா அப்போதுதான் செத்துப்போனாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மாரில் அடித்துக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் எதற்காக அழுகிறோம் என்பது மறந்துபோகும், ஆனால் அழுகை நிற்காது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஒரு நாள், "அக்கா எங்க?" என்றதற்கு, "கடல்ல கால் நனைக்கப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க" என்றேன். அவர் முகம் தெளிந்துவிட்டது. "சரி, வரட்டும்" என்று சாப்பிட்டார். நான் அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதேன். அந்த வீட்டில் மதினியின் சாவு எனக்கு மட்டும்தான் நடந்திருந்தது.

பிறகு கேட்பதும் குறைந்தது. எந்த நாளோடு நின்றதென்று தெரியாது. ஒரு நாள் காலையில் நினைத்துப் பார்த்தேன், அவர் அக்காவைக் கேட்டு வெகு நாளாகிவிட்டது. கேட்கட்டுமே என்று இருந்தது. அவர் முன்னால் போய் நின்று, "அக்கா ஞாபகம் இருக்கா அத்தான்?" என்றுகூடக் கேட்டேன். மரியாதையாகச் சிரித்தார், வழியில் யாரோ தெரியாத ஆள் பேச்சுக் கொடுத்தால் சிரிப்போமே, அந்த மாதிரி.

இப்போது அவர் அதிகம் நடப்பதில்லை. வளையத்தைக் கையில் கொடுத்தால் மடியில் வைத்துக்கொள்கிறார். சாயங்காலம் தம்பி மனைவி வந்து உட்காருகிறாள், நான் வெளியே போகிறேன். சில நாள் பீச், சில நாள் கோயில். சில நாள், வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிற புருஷனை விட்டுவிட்டு வரும் இன்னொரு பெண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்து கதை பேசுகிறேன். அவள் முதலில் வந்தபோது ஐந்து நிமிஷத்துக்கு மேல் உட்காரமாட்டாள். இப்போது சுண்டல் தின்கிறாள்.

போன வாரம் நான் திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் விழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கையை நீட்டினார்.

"என்னக்கா, இவ்வளவு நேரம்? சாப்பிட்டியா?"

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கால் இன்னும் ஈரமாக இருந்தது.

"சாப்பிட்டேம்லே" என்றேன். "நீ சாப்பிட்டியா?"